வாடகையை யார் கையில் கொடுக்கிறீர்கள்? கும்பகோணம் பக்கம் வீடு தேடுபவர்களுக்கு நான்கு வழிகளின் ஒப்பீடு

ஆனி மாதம் பிறந்துவிட்டால் என் கடையில் உட்கார இடம் இருக்காது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஓடி வருவார்கள். பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை என்பதால் வாடகை ஒப்பந்தம் அடிக்க வருபவர்கள்தான் அந்த மாதத்தில் அதிகம்.

இந்த ஆனியில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் தனியார் மருத்துவமனையில் நர்ஸ், அவர் வீட்டுக்காரர் பைக் ஷோரூமில் வேலை பார்க்கிறார். மூன்று வீடு பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்று, மாடி போர்ஷன். கீழே ஓனர் குடியிருக்கிறார், வாடகை 7,500, அட்வான்ஸ் 30,000. இரண்டாவது, முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. ஓனர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஊரில் ஒருவர் பார்த்துக்கொள்கிறார், வாடகை 6,000, அட்வான்ஸ் 40,000. மூன்றாவது, மாத வாடகை இல்லாமல் 5 லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துக் குடியிருக்கும் மூன்று வருட ஒத்தி. இது போதாதென்று, மருத்துவமனைத் தோழிகள் தங்கியிருக்கும் வீட்டிலேயே ஒரு அறை இருக்கிறது, ஒரு அம்மா மொத்த வீட்டையும் எடுத்து அறை அறையாக விடுகிறார் என்று நான்காவதாக ஒரு யோசனையும் இருந்தது.

"அண்ணே, எந்த வீட்டுக்கு அக்ரிமென்ட் அடிக்கிறதுன்னே முடிவாகலை. நீங்க தினமும் பாக்குறீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார் அந்தத் தம்பி.

இதே கேள்வியை ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

வாடகை எவ்வளவு என்பதை நான் கடைசியாகத்தான் கேட்பேன். முதல் கேள்வி, பணம் வாங்கும் ஆளுக்கும் அந்த வீட்டுக்கும் என்ன உறவு, அதற்கு என்ன காகிதம் இருக்கிறது என்பது. இரண்டாவது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, அதில் யார் கையெழுத்து என்பது. மூன்றாவது நம் டெல்டாவுக்கே உரிய கேள்வி: ஐப்பசி கார்த்திகை மழையில் கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது? நான்காவது, காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் யாரிடமிருந்து, எத்தனை நாளில் திரும்பும்? இவை நான்கும் தெளிவான பிறகு, வாடகைக்கு மேல் மாதாமாதம் என்னென்ன போகிறது என்று கணக்குப் போட்டால் போதும்.

முதல் கேள்வியை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், நான் அதில் பட்டிருக்கிறேன். 2013-இல் நான் குடியிருந்த வீட்டின் ஓனர் வெளிநாட்டில் இருந்தார். தெருமுனையில் இருந்த ஒருவர்தான் வீட்டைக் காட்டினார், அட்வான்ஸ் 40,000 வாங்கினார், மாதாமாதம் வந்து வாடகையும் வாங்கினார். ரசீது என்று எனக்குக் கிடைத்தது நாற்பது பக்க ஸ்கூல் நோட்டில் ஒவ்வொரு மாதமும் ஒரு வரி: "வாடகை வரவு ரூ. 4,500", பக்கத்தில் ஒரு சுழி. ஓனர் பெயர் இல்லை, கதவு எண் இல்லை, அட்வான்ஸ் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. இரண்டு வருடம் கழித்துக் காலி செய்தபோது ஓனருக்குப் போன் போட்டேன். "எனக்குப் பத்தாயிரம்தான் வந்துச்சு, அதைத் தரச் சொல்றேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. மீதி முப்பதாயிரம் எங்கே போனது என்று காட்ட அந்த நோட்டில் ஒன்றுமே இல்லை. அது என் மனைவியின் ஒரு வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம்.

அப்போது இருந்தது 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அதை மாற்றி 2017-இல் நிறைவேற்றிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் அது. கீழே நான் சட்டம் என்று சொல்வதெல்லாம் இதைத்தான். நகர்ப்புறங்களுக்கான சட்டம் என்பதால், உங்கள் வீடு ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்தில், அதாவது வாடகை விவகாரங்களுக்காக இந்தச் சட்டத்தின்கீழ் இருக்கும் அதிகாரியிடம், பதிய வேண்டும். அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. "பதினொரு மாசத்துக்குத்தானே எழுதுறோம், பதிவு எதுக்கு?" என்று கேட்காத ஆளே கிடையாது. அந்தப் பதினொரு மாதக் கணக்கு 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கானது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. வாடகை ஆணையப் பதிவு வேறு, பதினொரு மாதம் என்று எழுதினாலும் இது விலகாது. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: எழுத்தில் ஒப்பந்தம் செய்யத் தவறியதே வாடகைதாரரை வெளியேற்றக் கோர ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. "காகிதம் எதுக்கு, நமக்குள்ள என்ன" என்று ஓனர் அன்பாகச் சொன்னாலும், காகிதம் இல்லாததால் ஆட்டம் காண்பது நம் பக்கம்தான்.

1. ஓனர் அதே வீட்டில், அல்லது அதே தெருவில்

முதல் கேள்விக்கு இங்கே பதில் சுலபம். வீட்டு வரி ரசீதையும் கரண்ட் கார்டையும் காட்டச் சொல்லி, பெயரைப் பார்த்தால் முடிந்தது. கூச்சப்படாமல் கேளுங்கள். தாத்தா பெயரிலேயே வரி ரசீது இருந்தால், இப்போது பாத்தியப்பட்டவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டுவிடுங்கள். அண்ணன் தம்பி நான்கு பேர் பாகம் பிரிக்காத வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. ஒருவருக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்து கதவைத் தட்டிய கதைகள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்தே பலர் சொல்லியிருக்கிறார்கள்.

ரிப்பேர் விஷயத்திலும் இது நல்ல வழி, ஒழுகுவதை அவரே மாடி ஏறிப் பார்க்கலாம். சட்டத்தின் அட்டவணைப்படி கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கழிவுநீர் அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். காலி செய்யும்போது "பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிச்சுக்குவோம்" என்று நடுப்பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அடித்துக் கொடுக்கும் நானே சத்தமாகப் படித்துக் காட்டுவேன், அப்போதும் பலர் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியின் விலை, மாடி போர்ஷனுக்கு 7,500 ரூபாய்.

இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு கரண்ட். தனி இணைப்பு இல்லாமல் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 9 ரூபாய் என்று வாங்குவது இங்கே சாதாரணம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் அந்தச் சலுகை சப் மீட்டர் வழியாக நமக்கு வந்து சேராது. இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஓடினால் ஒன்பது ரூபாய்க் கணக்கில் 1,620 ரூபாய். அதே 180 யூனிட்டுக்குத் தனிக் கார்டில் அதில் கால் பங்குகூட வராது. அதனால் 7,500 ரூபாய் வீடு என்பது உண்மையில் 8,000 ரூபாய்க்கு மேல். வீடு பார்க்கும்போதே, "எங்களுக்குத் தனிக் கார்டா, சப் மீட்டரா?" என்று கேட்பது அட்வான்ஸ் பேசுவதைவிட முக்கியம்.

அப்புறம், மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டில் இருக்கும். சின்ன மனஸ்தாபம் வந்தால் தண்ணீர் வரும் நேரம் குறையும். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, துப்புரவு வசதி போன்ற அத்தியாவசியங்களை உரிமையாளரோ அவர் ஆளோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை ஆணையத்தில் மனு கொடுத்து இடைக்கால உத்தரவு வாங்கலாம். ஆனால் மனு கொடுத்துவிட்டு அதே படியில் தினமும் ஏறி இறங்குவது லேசான காரியமல்ல. ஓனரோடு ஒட்டிக் குடியிருப்பதில் இதைத்தான் முதலில் எடை போட வேண்டும்.

இரவு ஷிஃப்ட் போகும் பெண்கள், வயதானவர்கள், கைக்குழந்தை உள்ளவர்களுக்கு, நடுராத்திரியில் குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் மனிதர் இருப்பதன் மதிப்பு அதிகம். அவர்களுக்கு 500 ரூபாய் கூட என்றாலும் நான் இதைத்தான் சொல்வேன். குணம் எப்படி என்பதை, முன்பு குடியிருந்தவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

2. ஓனர் வெளியூரில், பார்த்துக்கொள்ள ஒருவர்

டெல்டாவில் பாதி வீடுகள் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றும். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில், துபாயில். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுக்காரரிடமோ, தூரத்துச் சொந்தத்திடமோ, புரோக்கரிடமோ இருக்கும். வாடகை குறைவு, வீடு விசாலம், முற்றம், கொல்லை, கிணறு என்று ஆசை காட்டும்.

"அவருக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று சிலர் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில் முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று இருப்பது, அந்தச் சட்டத்தின்கீழ் பதிவான திட்டங்களில் மனை, ஃபிளாட் விற்றுக் கொடுப்பவர்களுக்கு. தெருவில் வாடகை வீடு காட்டுபவரை அது தொடாது. அதனால் உரிமத்தைத் தேடுவதைவிட ஓனரின் அதிகாரக் கடிதத்தைத் தேடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு மேலாளரை வைத்தால், அவர் பெயர், அவருக்கு அதிகாரம் கொடுத்ததற்கான சான்று, எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற விவரங்களை உரிமையாளர் வாடகைதாரருக்குத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த ஆளின் வேலை என்ன என்பதும் சட்டத்தில் இருக்கிறது: ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அவசியப் பழுதுகளைப் பார்ப்பது, வீட்டைப் பார்வையிடுவது, அறிவிப்புகளைச் சேர்ப்பது, தகராறைத் தீர்க்க உதவுவது. இஷ்டத்துக்கு வாடகை ஏற்றுவதும் பூட்டை மாற்றுவதும் அதில் இல்லை. திடீரென்று வந்து கதவைத் திறக்கச் சொல்லவும் முடியாது. வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற விதி அவருக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே இந்த இரண்டாவது வழியை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். கடிதம் இருக்கும் வீடு, கடிதம் இல்லாத வீடு. வாடகை ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வீடுகள்.

கடிதம் இருந்தால் இது மிக நல்ல ஏற்பாடு. வாடகையை ஓனரின் வங்கிக் கணக்கிலேயே போடலாம், பார்த்துக்கொள்பவர் ரிப்பேருக்கு மட்டும் வருவார், தினசரி உரசலும் இருக்காது. கடிதம் இல்லாவிட்டால், நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்த ஒருவரின் நாணயத்தை நம்பிக் கொடுப்பது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் தவறிப்போனால் அட்வான்ஸைப் பற்றிச் சொல்ல ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் அடித்துக் கொடுப்பது அரைப் பக்கம்தான்: கதவு எண்ணோடு வீட்டு முகவரி, ஓனர் பெயர், பார்த்துக்கொள்பவர் பெயர், அவர் வாடகை வாங்கலாமா, அட்வான்ஸ் வாங்கலாமா, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்பதற்குத் தனித்தனியாக ஆம், இல்லை, எந்தத் தேதிவரை. ஓனர் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகலோடு படம் எடுத்து அனுப்பி, அசலைத் தபாலில் போடட்டும். வீடியோ காலில் ஒரு முறை முகம் பார்த்துப் பேசிவிடுங்கள். ஓனர் நம்பரைப் பார்த்துக்கொள்பவரிடம் மட்டும் வாங்காமல், பக்கத்து வீட்டிலோ ஓனரின் சொந்தக்காரரிடமோ வாங்குங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் அதிகாரம் கொடுப்பதாக இருந்தால், வெறும் கடிதத்தோடு விடாமல் முறையான பவர் பத்திரம் கேட்பது நல்லது.

மறைந்திருக்கும் செலவுகள் இதில் மூன்று. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை. சில இடங்களில் பதினொரு மாதம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும் பாதி மாத வாடகை கேட்கிறார்கள், அதற்கு நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அடுத்தது ரிப்பேர். "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்ற பதில் வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். பழைய ஓட்டு வீட்டில் ஒரு ஓடு நகர்ந்தால் ஒரே மழையில் ஓட்டைத் தாங்கும் மரச் சரம் ஊறிவிடும், ரேழியில் வாளி வைத்துப் படுக்க வேண்டியதுதான். 2018 கஜா புயலுக்குப் பிறகு ஓடு மாற்றக் கூரை வேலை தெரிந்த ஆட்களைத் தேடி அலைந்தது வேதாரண்யம், மன்னார்குடிப் பக்கத்து மக்களுக்கு நினைவிருக்கும். ஆகவே, எவ்வளவு ரூபாய் வரைக்கும் நாமே சரிசெய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பதைக் கண்டிப்பாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வரி. ஓனர் வருமான வரிக் கணக்கில் வெளிநாடு வாழ்பவர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதில் வரி பிடித்து அரசுக்குச் செலுத்தும் பொறுப்பு வாடகை கொடுப்பவர் தலையில் வருகிறது. சம்பளத்தில் வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கேட்டு ரசீது கொடுப்பவர்கள் இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தத்துக்கு முன் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள், அவர் வாங்கும் கட்டணத்தையும் வாடகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. ஒருவர் மொத்தமாக எடுத்து உள்வாடகைக்கு விடும் வீடு

தலைக்கு 3,000 ரூபாய், கட்டில், ஃபேன், சில இடத்தில் சாப்பாடும் சேர்த்து. கல்லூரி, மருத்துவமனை இருக்கும் பகுதிகளில் இது வளர்ந்துகொண்டே போகிறது. மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவர், திடீரென்று மாற்றலாகி வந்தவர் போன்றோருக்கு வசதி. பெரிய அட்வான்ஸ் இல்லை, சாமான் தூக்க வேண்டியதில்லை.

ஆனால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. அந்தச் சம்மதக் கடிதத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் ஓனர் வந்து மொத்தமாகக் காலி செய்யச் சொல்லும் நாளில் உங்களுக்கு நிற்க இடமில்லை. பெண்கள் விடுதியாகவே நடத்தினால் 2014-ஆம் ஆண்டு தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். இங்கே லைசென்ஸ் கேட்பது சரியான கேள்வி. கேட்டவுடன் முகம் மாறினால் அந்த இடத்தில் உங்கள் பிள்ளையைத் தங்க வைக்காதீர்கள்.

குடும்பத்தோடு வருடக்கணக்கில் இருக்கப் போகிறவர்களுக்கு இது வேண்டாம். அந்தத் தம்பதிக்கும் இதை முதலிலேயே தள்ளிவிடச் சொன்னேன்.

4. ஒத்தி

மாத வாடகை கிடையாது, மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, காலி செய்யும்போது அதை அப்படியே திரும்ப வாங்குவது. போக்கியம், லீஸ் என்றும் சொல்கிறார்கள். கேட்கும்போது இனிக்கும். கணக்கைப் பார்ப்போம்.

5 லட்சம் உங்கள் சொந்தப் பணம், வங்கியில் 7 சதவீதத்தில் கிடக்கிறது என்றால், வருடத்துக்கு 35,000 வட்டியை விட்டுக்கொடுக்கிறீர்கள். மாதத்துக்கு சுமார் 2,900 ரூபாய். அதே தரத்தில் வீடு 7,000 வாடகைக்குப் போகிறது என்றால் உங்களுக்கு நல்ல லாபம். அதே 5 லட்சத்தை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் மாதம் 5,000. இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 10,000 ரூபாய், வாடகையைவிட அதிகம். கடன் வாங்கி ஒத்திக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

அடுத்தது பாதுகாப்பு. சுவாதீனத்தோடு கூடிய அடமானம் என்ற வகையில் வருகிற இந்த ஏற்பாட்டுக்குப் பதிவுப் பத்திரம் வேண்டும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்துக்கே பதிவு தேவை. முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் என்றால் 5 லட்சத்துக்கு 25,000 ஆகும். மூன்று வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 700 ரூபாய் அளவில்தான் வருகிறது. இந்தச் செலவுக்குப் பயந்து, "பதினொரு மாச வாடகை அக்ரிமென்ட்லயே ஒரு வரி போட்டுடுங்க" என்று என்னிடம் வருபவர்கள் உண்டு. நான் அடித்துக் கொடுப்பதில்லை. பதிந்த ஒத்தியில், பணம் திரும்பும்வரை வீட்டை விடாமல் இருக்கும் பிடி நமக்கு இருக்கிறது. பதியாத காகிதத்தில் அந்தப் பிடி ரொம்பவே தளர்ந்துவிடும். வீட்டை வேறு ஒருவருக்கு விற்றாலோ, கடனுக்காக வங்கி எடுத்துக்கொண்டாலோ, 5 லட்சத்தைத் திரும்பக் கேட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியது நாம்தான்.

ஒத்திக்கு முன் வில்லங்கம் பார்ப்பது கட்டாயம், பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்தால் ஒத்தியை மறந்துவிடுங்கள். பாத்தியப்பட்ட எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வழியில் பார்த்துக்கொள்பவர் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. ஓனர் கணக்குக்கு, வங்கி வழியாக மட்டும்.

சொந்தச் சேமிப்பு இருந்து, மூன்று நான்கு வருடம் ஒரே ஊரில் இருப்பது உறுதியாகி, ஓனரும் பதிவுக்குச் சம்மதித்தால் ஒத்தி எடுங்கள். பணம் திரும்ப வேண்டிய மாதத்தில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ கல்யாணமோ இருந்தால் வேண்டாம். அடுத்த ஒத்திக்காரர் வந்த பிறகுதான் நம் பணத்தைத் தருவார்கள், அது எந்த மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்த வழியானாலும்: மனை யாருடையது?

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று நம் ஊர்களில் கோயில் மனையிலும் மடத்து மனையிலும் கட்டிய வீடுகள் ஏராளம். வீடு ஓனருடையது, மனை சாமியுடையது, அவர் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டுகிறார். அவர் கட்டாமல் பாக்கி வைத்து அறநிலையத்துறை நடவடிக்கை எடுத்தால், உள்ளே குடியிருக்கும் நம்மைக் கோயில் நிர்வாகம் வாடகைதாரராக ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. கோயில் சொத்து, வக்ஃப் சொத்து விஷயத்தில் மேலே சொன்ன வாடகைச் சட்டத்திலும் விலக்குகள் இருக்கின்றன. மாத வாடகைக்கு என்றால் கடைசியாக அடிமனை கட்டிய ரசீதைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஒத்திக்கு என்றால் கோயில் மனை வீட்டின் பக்கமே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரே பார்வையில் வைத்துக்கொள்ள:

| வழி | பணம் யாருக்கு | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| ஓனர் அருகில் | ஓனருக்கு நேரடியாக | சப் மீட்டர், பெயின்டிங் கழிவு | இரவுப் பணி, முதியோர், கைக்குழந்தை |
| பார்த்துக்கொள்பவர், கடிதத்தோடு | ஓனர் கணக்குக்கு | கமிஷன், ரிப்பேர் தாமதம், வெளிநாட்டு ஓனர் என்றால் வரி | விசாலமும் தனிமையும் வேண்டும் குடும்பம் |
| பார்த்துக்கொள்பவர், கடிதம் இல்லாமல் | யார் கைக்கோ | அட்வான்ஸ் முழுவதுமே | யாருக்கும் வேண்டாம் |
| உள்வாடகை | நடத்துபவருக்கு | திடீரென்று காலி செய்ய நேர்வது | சில மாதம் மட்டும் தங்குபவர் |
| ஒத்தி | ஓனர் கணக்குக்கு | வட்டி இழப்பு, பதிவுச் செலவு, பணம் திரும்பத் தாமதம் | கையில் சேமிப்பு உள்ளவர் |

அட்வான்ஸும் தகராறும்

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதால், பேரம் பேசுவதை எழுதும் முன்பே பேசுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

அட்வான்ஸ் வராதோ என்ற பயத்தில் கடைசி மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் கழித்துக்கொள்வது நம் பக்கத்துப் பழக்கம். ஓனர் சம்மதித்து ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பினால் தவறில்லை. சம்மதம் இல்லாமல் செய்தால் வாடகை பாக்கி என்று நம்மேல் மனு வரும். ஓனர் வாடகை வாங்க மறுத்தால் வாடகை ஆணையத்தில் கட்ட வழி இருக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அந்த ஆணையம். பூட்டை மாற்றினாலோ, சாமானை வெளியே எறிந்தாலோ, மிரட்டினாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம்.

அந்தத் தம்பதி என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஓட்டு வீட்டின் முற்றம் அந்தப் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சரி, ஓனர் கடிதம் வாங்கி வாருங்கள் என்றேன். பார்த்துக்கொள்பவர் இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் இழுத்தார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சிங்கப்பூர் நம்பரை வாங்கி அவர்களே பேசினார்கள். ஓனர் கேட்ட வாடகை 5,000. அட்வான்ஸ் மூன்று மாதம், 15,000. பார்த்துக்கொள்பவருக்கு வீட்டைத் திறந்து காட்டவும் கொல்லையைப் பெருக்கவும்தான் சொல்லி வைத்திருந்தாராம். கும்பகோணத்திலேயே இருக்கும் தன் அக்கா பெயருக்கு அதிகாரக் கடிதம் எழுதி அனுப்பினார். வாடகை ஓனருடைய இந்திய வங்கிக் கணக்குக்கு, வரியை எப்படிப் பிடித்துக் கட்டுவது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டார்கள்.

ஆனி 28-ஆம் தேதி அக்கா, தம்பதி மூவரும் கடைக்கு வந்தார்கள். ஒப்பந்தம் அடித்து முடித்த பிறகு அந்தப் பெண் கேட்டுக்கொண்டதால் ஒரு வரி சேர்த்தேன்: "ஐப்பசி பிறக்கும் முன் உடைந்த ஓடுகளை மாற்றித் தருவது உரிமையாளர் பொறுப்பு." ஓனரின் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, "எங்க அப்பா இருந்த வரைக்கும் வருஷா வருஷம் ஆவணியிலயே மாத்திடுவாரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.